கோப்பு அலமாரி வீட்டுக்கு வந்த கதை

கோப்பு அலமாரி தாளை அளந்து செய்யப்படும் சாமான். அமெரிக்கக் கடிதத் தாள் 8.5 அங்குல அகலமும் 11 அங்குல நீளமும் கொண்டது. அதை அட்டைக்குள் வைத்துப் படுக்கைவாட்டில் நிறுத்தினால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அதுவே இழுப்பறையின் அளவு. அலமாரியின் அகலம் சுமார் 15 அங்குலம். வழக்கறிஞர்கள் புழங்கிய 14 அங்குலத் தாளுக்குச் செய்தது 18 அங்குலம். நூலக அட்டை 5 அங்குல அகலம், 3 அங்குல உயரம் என்பதால் அதற்கான இழுப்பறை ஒரு கைக்கு அடக்கம். கட்டட வரைபடத்தை மடிக்கக்கூடாது. எனவே அதற்கான பெட்டியின் இழுப்பறைகள் கட்டில்போல அகலமாகவும் இரண்டு அங்குலமே ஆழமாகவும் இருக்கும்.

அலுவலகம், நூலகம், அச்சகம், தொழிற்சாலை ஆகியவற்றில் வேலை முடிந்து வெளியேறிய இத்தகைய சாமான்களை வீட்டில் வைத்துப் புழங்குவது உலகின் பல நகரங்களில் நிலைபெற்றுவிட்ட அலங்கார முறை. ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டால் அதை வாங்கலாமா, எங்கே வைக்கலாம், உள்ளே எதைப் போடலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

நிமிர்ந்து நின்ற தாள்

19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கடிதங்களை மடித்துத்தான் வைத்தார்கள். மடித்த கடிதத்தின் வெளிப்புறத்தில் அனுப்பியவர் பெயரையும் தேதியையும் எழுதி, நாடாவால் கட்டி, மேசைக்கு மேலிருந்த சிறு மாடங்களில் செருகுவது வழக்கம். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் வில்லியம் வூட்டன் 1874-இல் காப்புரிமை பெற்ற மேசை இந்த முறையின் உச்சம். இரண்டு பெரிய கதவுகளைத் திறந்தால் சுற்றிலும் அடுக்கடுக்காக மாடங்கள் தெரியும். வணிகம் பெருகி, தட்டச்சுப் பொறியும் கார்பன் தாளும் வந்து ஒரே கடிதத்துக்கு இரண்டு மூன்று படிகள் எடுக்கத் தொடங்கியதும் மாடங்கள் போதவில்லை.

தீர்வு நூலகத் துறையிலிருந்து வந்தது. நூல்களைப் பத்துப் பத்தாக வகைப்படுத்தும் முறையை உருவாக்கிய மெல்வில் டூயி 1876-இல் நூலகங்களுக்கான சாமான்களைச் செய்து விற்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். பின்னாளில் லைப்ரரி பீரோ என்று பெயர்பெற்ற அந்த நிறுவனம், அட்டைகளை நிறுத்தி வைப்பதுபோலவே கடிதங்களையும் மடிக்காமல் நிறுத்தி வைக்கும் அலமாரியை 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் காட்சிக்கு வைத்துத் தங்கப் பதக்கம் பெற்றது. குவியலில் கிடக்கும் தாளை எடுக்க மேலே உள்ள அத்தனையையும் தூக்க வேண்டும். நிற்கும் தாளை விரல் நுனியால் புரட்டி எடுத்துவிடலாம். இந்த எளிய மாற்றத்தால் ஒரே தரைப்பரப்பில் பல மடங்கு தாள்களை அடுக்கவும் முடிந்தது.

நான்கு இழுப்பறை கொண்ட ஒரு பழைய அலமாரியை அருகில் நின்று பார்த்தால் அதன் வேலைப்பாடு புரியும். முகப்பில் சீட்டு செருகும் சிறு உலோகச் சட்டம். அதன் கீழே நான்கு விரல் நுழையும் கைப்பிடி. பக்கத்தில் கட்டைவிரலால் தள்ளும் தாழ். அதைத் தள்ளினால்தான் இழுப்பறை நகரும். இழுத்தால் உருளைகளின்மேல் ஓடி, கடைசிக் கோப்பும் கைக்கு எட்டும்படி முழுவதுமாக வெளியே வரும். உள்ளே பின்பக்கம் ஓர் உலோகப் பலகை இருக்கும். இழுப்பறை பாதி காலியாக இருந்தாலும் கோப்புகள் சாய்ந்துவிடாதபடி அதை முன்னே நகர்த்தி இறுக்கலாம். வீட்டில் புத்தகங்களையோ இசைத்தட்டுகளையோ நிறுத்தி வைப்பவர்களுக்கு இந்தப் பலகை அப்படியே பயன்படும். பழைய அலமாரியில் பெரும்பாலும் முதலில் தொலைந்துபோகும் பாகமும் இதுதான்.

மரம் போய் எஃகு

முதல் அலமாரிகள் ஓக் மரத்தில் செய்யப்பட்டவை. 1871-இல் சிகாகோவும் 1904-இல் பால்டிமோரும் எரிந்தபோது கட்டடங்களோடு கணக்குகளும் பத்திரங்களும் சாம்பலாயின. நெருப்புக்கு அஞ்சிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் எஃகைத் தேடின. நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் நகரில் ஆர்ட் மெட்டல் நிறுவனம் உலோகச் சாமான்களுக்கே பெயர்போனது. மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1912-இல் தொடங்கிய மெட்டல் ஆஃபீஸ் ஃபர்னிச்சர் நிறுவனத்தின் முதல் காப்புரிமை 1914-இல் கிடைத்தது. அது ஓர் இரும்புக் குப்பைக்கூடைக்கு! புகையிலைச் சாம்பலைக் கொட்டும் பிரம்புக்கூடைகள் அலுவலகங்களில் அடிக்கடி தீப்பிடித்ததே காரணம். இன்று உலகெங்கும் அலுவலகச் சாமான்கள் விற்கும் ஸ்டீல்கேஸ் அந்த நிறுவனம்தான்.

தொடக்ககால எஃகு அலமாரிகள் பலவற்றில் மரத்தின் வரியோட்டத்தை வண்ணத்தால் தீட்டினார்கள். இரும்பு அலுவலகத்துக்குள் வந்தால் தொழிற்சாலைபோல் ஆகிவிடும் என்று வாங்குபவர்கள் தயங்கியதால், எஃகு மரவேடம் போட வேண்டியிருந்தது. பின்னர் ஆலிவ் பச்சையும் சாம்பல் நிறமும் வழக்கமாயின. இன்று கடைகளில் பளபளவென்று தேய்த்து நிற்கும் வெற்று எஃகு அலமாரி பழைய அலுவலகங்களில் இருந்த ஒன்றல்ல. வண்ணத்தைச் சுரண்டி உலோகத்தைக் காட்டுவது பிற்கால வியாபாரிகள் உண்டாக்கிய மோஸ்தர்.

இந்தியாவில் 1897-இல் பூட்டுத் தொழிலில் இறங்கிய கோத்ரெஜ், 1902-இல் இரும்புப் பெட்டகங்களையும் 1923-இல் எஃகு பீரோக்களையும் செய்யத் தொடங்கியது. வெயிலிலும் மழையிலும் மரம் சுருங்கி விரிவதால் இழுப்பறை இறுகிக்கொள்வதும், கரையானும் எலியும் தாள்களை அரிப்பதும் இங்கே நெருப்பைவிடப் பெரிய தொல்லைகள். எஃகு இரண்டுக்கும் பதில் சொன்னது. அலுவலகத்தோடு அது நிற்கவுமில்லை. தமிழ்நாட்டில் சீர்வரிசைச் சாமான்களில் கட்டிலுக்கு அடுத்தபடியாக பீரோ இடம்பிடித்தது. கதவில் கண்ணாடியும் உள்ளே பூட்டும் லாக்கருமாகப் பட்டுப்புடவையையும் நகையையும் காத்து நின்றது. மேலைநாடுகளில் படுக்கையறையில் இரும்பு அலமாரி வைப்பது 1970-களில்கூடப் புதுமையாக இருந்தது. இங்கே அதற்கு முன்பே அது குடும்பத்தின் சொத்து.

ஆலையிலிருந்து அறைக்கு

நியூயார்க்கின் சோஹோ பகுதியில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் சிறு ஆலைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட அந்தத் தளங்களில் ஓவியர்களும் சிற்பிகளும் குறைந்த வாடகைக்குக் குடியேறினார்கள். கலைஞர்கள் அங்கே குடியிருக்க 1971-இல் நகர நிர்வாகம் சட்டப்படி அனுமதி அளித்தது. கையில் காசு குறைவு, இடமோ பெரிது. ஆலைகளும் அலுவலகங்களும் விட்டுச்சென்ற வேலைமேசை, லாக்கர், கோப்பு அலமாரி ஆகியவையே வீட்டுச் சாமான்களாயின. ஜோன் கிரான், சூசன் ஸ்லெசின் இருவரும் 1978-இல் வெளியிட்ட ‘ஹை-டெக்’ என்ற நூல் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயரையும் பரவலான வாசகர்களையும் தேடித்தந்தது.

ஐரோப்பாவிலும் இதற்கு வேர்கள் இருந்தன. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் துத்தநாகப் பூச்சுத் தொழில் செய்த சேவியர் போஷார் 1927-இல் டோலிக்ஸ் என்ற வணிகப் பெயரைப் பதிவு செய்தார். அவருடைய இரும்பு நாற்காலி ஆலைகளிலும் உணவகங்களிலும் இருந்துவிட்டுப் பின்னர் வீட்டுச் சமையலறைகளுக்கு வந்தது. சுவிட்சர்லாந்தில் கட்டடக் கலைஞர் ஃபிரிட்ஸ் ஹாலரும் பால் ஷேரரும் 1963-இல் யூஎஸ்எம் ஆலைக்காகக் குழாய்களும் உருண்டை இணைப்புகளும் கொண்ட அலமாரி முறையை வகுத்தார்கள். அது இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

சாமான்கள் சந்தைக்கு வரக் கணினி வழிவிட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1980-ஆம் ஆண்டோடு தன் அட்டைப் பட்டியலில் புதிய அட்டை சேர்ப்பதை நிறுத்தியது. நூலகங்களுக்கு அட்டை அச்சிட்டு அனுப்பிய ஓசிஎல்சி அமைப்பு 2015 அக்டோபர் 1 அன்று கடைசி அட்டைகளை அச்சிட்டது. அதற்குள் ஆயிரக்கணக்கான அட்டைப் பேழைகள் ஏலத்துக்கு வந்துவிட்டன. ஈய எழுத்துகளால் அச்சிடும் முறை ஓய்ந்தபோது எழுத்துகளை அடுக்கி வைத்த கேஸ்கள் எனும் அச்சகத் தட்டுகளும் அதே வழியில் வந்தன.

எதில் எதை வைப்பது

நான்கு இழுப்பறை அலமாரி சுமார் 52 அங்குல உயரம். துண்டு, படுக்கைவிரிப்பு, குழந்தைகளின் விளையாட்டுச் சாமான், கருவிகள் என்று பருமனான பொருள்களுக்கு ஏற்றது. இரண்டு இழுப்பறை அலமாரி மேசை உயரத்தில் நிற்பதால், இரண்டை இடைவெளி விட்டு நிறுத்தி மேலே ஒரு தேக்குப் பலகையைப் போட்டால் எழுதும் மேசை தயார். பழைய கதவு ஒன்று கிடைத்தால் பலகைகூட வேண்டியதில்லை.

நூலக அட்டைப் பேழையின் சிறு இழுப்பறைகள் நூல்கண்டு, பொத்தான், விதை, சாவி, மின்கம்பி, மாத்திரை அட்டை ஆகியவற்றுக்கென்றே செய்ததுபோல் அமையும். அட்டைகளை யாரும் உருவிவிடாதபடி ஒவ்வொரு இழுப்பறையின் அடியிலும் ஒரு கம்பி ஓடும். முகப்பில் இருக்கும் குமிழைத் திருகினால் அந்தக் கம்பி கழன்று வரும். அதை எறிந்துவிடாமல் இழுப்பறைக்குப் பின்னால் வைத்துக்கொள்வது நல்லது. பாகங்கள் முழுமையாக இருக்கும் பேழைக்கே மதிப்பு. இழுப்பறை நீளமாகவும் குறுகலாகவும் இருப்பதால் பின்பக்கம் போட்ட பொருள் கண்ணுக்குத் தெரியாது. அடிக்கடி வேண்டியவற்றை முன்னால் வைத்து, சீட்டுச் சட்டத்தில் பெயரை எழுதிவிட்டால் தேடும் வேலை குறையும்.

வரைபடப் பெட்டியை உயரம் குறைவான கால்களில் நிறுத்தினால் வரவேற்பறையின் நடுமேசையாகும். ஓவியம், புகைப்படம், பத்திரம் தவிர, அகலமாக மடித்த சேலைகளையும் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாமல் இதில் பரப்பி வைக்கலாம். தொழிற்சாலை லாக்கரின் கதவில் காற்று போக வரிசையாகத் துளைகள் இருக்கும். வியர்வை உடையும் காலணியும் வைக்கச் செய்த அந்த ஏற்பாடு, வாசல் அருகே செருப்பு, ஹெல்மெட், பள்ளிப்பை வைப்பதற்கும் ஒத்துவரும்.

அச்சகக் கேஸ் என்பது எழுத்துக்கு ஓர் அறை வீதம் பிரித்த மரத்தட்டு. சுவரில் மாட்டி, அறைகளில் சிப்பி, நாணயம், சிறு பொம்மை வைப்பதுண்டு. அச்செழுத்து ஈயம், வெள்ளீயம், ஆண்டிமனி கலந்த உலோகம் என்பதால் மூலைகளில் ஈயத்தூசு தங்கியிருக்கும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டாமல் ஈரத்துணியால் பலமுறை துடைத்து, வார்னிஷ் பூசிய பிறகே மாட்ட வேண்டும். தின்பண்டம் வைக்கவும் குழந்தைகள் கையில் கொடுக்கவும் இது உகந்ததல்ல.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பழைய அரசு அலுவலகங்களும் வங்கிகளும் கழித்துக்கட்டும் சாமான்கள் ஏலத்துக்கும், அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்கும் போகின்றன. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் மரச்சாமான்களே மிகுதி. இரும்புச் சாமானுக்குப் பெருநகரங்களின் பழைய பொருள் சந்தைகளைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். தரையைக் கழுவும் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் தேங்கி அரிப்பது அங்கேதான். மேல்பூச்சில் மட்டும் இருக்கும் துருவை எடுத்துவிடலாம். ஆணியால் அழுத்தினால் தகடு பொத்துப்போகிறது என்றால், அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். செலவு அலமாரியின் விலையைத் தாண்டலாம். அடுத்து எல்லா இழுப்பறைகளையும் கடைசிவரை இழுத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். வளைந்த தண்டவாளமும் தேய்ந்த உருளையும் அப்போதுதான் தெரியும். பூட்டின் முகத்தில் எண் பொறித்திருந்தால் அதைக் குறித்துக்கொள்ளலாம். சாவி செய்பவருக்கு அது உதவும்.

புதிதாகச் செய்து அமிலம் ஊற்றித் துருப்பிடிக்க வைத்த போலிகளும் விற்கப்படுகின்றன. உண்மையான பழைய சாமானில் தேய்மானம் கை படும் இடத்தில்தான் அதிகம் இருக்கும்: கைப்பிடியின் அடிப்பக்கம், தாழைச் சுற்றி, மேல் விளிம்பு. போலியில் எல்லா இடமும் ஒரே அளவுக்குப் பழசாகத் தெரியும். திருகாணியும் காட்டிக்கொடுக்கும். சிலுவைத் தலையுள்ள பிலிப்ஸ் திருகாணி சந்தைக்கு வந்ததே 1930-களில். 1920-களின் அலமாரி என்று சொல்லி விற்பதில் அத்தகைய திருகாணிகளே நிறைந்திருந்தால் சந்தேகப்படலாம்.

சுவர் மிகத் தடிப்பாக, அசாதாரணமாகக் கனக்கும் தீக்காப்பு அலமாரிகளில் எச்சரிக்கை தேவை. பழையவை சிலவற்றின் சுவருக்குள் கல்நார் அடைத்திருப்பார்கள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் அவற்றில் துளையிடவோ வெட்டவோ கூடாது. தெரியாத ஒன்றை வாங்காமல் விடுவதே நல்லது.

துடைப்பதா, தேய்ப்பதா, பூசுவதா

எல்லாப் பழைய அலமாரிக்கும் புதுப்பூச்சு வேண்டியதில்லை. சோப்புத் தண்ணீரில் துடைத்து, துரு உள்ள இடத்தை மட்டும் நைசான எஃகுக் கம்பளியால் தேய்த்து, மெழுகு பூசினாலே பலவும் உயிர்பெறும். பழைய வண்ணமும் அலுவலக எண்ணும் அப்படியே இருப்பதைச் சேகரிப்பவர்கள் விரும்புகிறார்கள். சீட்டுச் சட்டமும் குமிழும் பித்தளை என்றால் புளியால் தேய்த்துக் கழுவி உடனே ஈரம் போகத் துடைக்கலாம்.

வண்ணத்தை எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஈயத்தை மறக்கக்கூடாது. அமெரிக்கா வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயத்தை 1978-இல் தடைசெய்தது. இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்ற 2016-ஆம் ஆண்டு விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தீங்கானது. வண்ணம் நீக்கும் திரவம் பூசி வழித்தெடுப்பது, தண்ணீர் உப்புத்தாளால் தேய்ப்பது, முகக்கவசம் அணிவது, வழித்த கசடைப் பையில் கட்டி அகற்றுவது ஆகியவை குறைந்தபட்சப் பாதுகாப்பு. வேலையை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒடுக்கெடுத்துப் பட்டி பார்க்கும் வேலை கார் டிங்கரிங் பட்டறையிலேயே நடக்கும். அதன்பின் ரெட் ஆக்சைடு பிரைமரும் எனாமலும் அடிக்கலாம். பவுடர் கோட்டிங் செய்வதானால் பொருளை ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்ப அடுப்பில் வைப்பார்கள். பூட்டு, ரப்பர், பிளாஸ்டிக் உருளை அனைத்தையும் முன்கூட்டியே கழற்றாவிட்டால் கெட்டுவிடும். சாதாரணப் பட்டியும் அந்தச் சூட்டில் வெடிப்பு விடும். வெற்று எஃகாகவே வைக்க விரும்பினால் நிறமற்ற லேக்கர் பூச்சோ மெழுகோ கட்டாயம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் பாதுகாப்பில்லாத எஃகு ஒரு மழைக்காலத்திலேயே துருவேறும்.

எடையும் இடமும்

80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் 500 கொண்ட கட்டு இரண்டரை கிலோ எடையும் சுமார் இரண்டு அங்குலத் தடிப்பும் உடையது. 24 அங்குல ஆழமுள்ள ஓர் இழுப்பறையில் தாள்களை நெருக்கி அடுக்கினால் 30 கிலோவை எட்டும். நான்கிலும் சேர்த்து 120 கிலோ. அலமாரியின் சொந்த எடை அதற்கு மேல். நிறைந்த மேல் இழுப்பறைகள் இரண்டை ஒரே நேரத்தில் இழுத்தால் அலமாரி முன்னோக்கிக் கவிழக்கூடும். சில தயாரிப்புகளில் ஓர் இழுப்பறை திறந்திருக்கும்போது மற்றவை திறக்காதபடி பூட்டமைப்பு உண்டு. மிகப் பழையவற்றில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே கனமானது கீழே, இலேசானது மேலே என்று அடுக்கி, முதுகுப்பக்கத்தைக் கோண இரும்பால் சுவரோடு பிணைக்க வேண்டும். அடுத்தடுத்து நிற்கும் அலமாரிகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்குவது அலுவலகங்களின் பழைய வழக்கம். குழந்தைகள் உள்ள வீட்டில் லாக்கர் கதவுகளின் தாழைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே ஒளிந்த குழந்தை வெளியே வர முடியாமல் போகலாம்.

இழுப்பறை தன் முழு நீளத்துக்கும் வெளியே வரும் என்பதால் முன்னால் காலியிடம் தேவை. அலமாரியின் ஆழம் 28 அங்குலம், வெளியே வரும் இழுப்பறை ஏறத்தாழ அதே அளவு, ஆள் நிற்க ஒன்றரை அடி எனக் கூட்டினால் சுவரிலிருந்து ஆறடிக்கு மேல் வேண்டும். சின்ன அறைக்கு அட்டைப் பேழையோ இரண்டு இழுப்பறை அலமாரியோதான் பொருந்தும்.

ஓர் அறைக்குப் பெரிய இரும்புச் சாமான் ஒன்று போதும். இரண்டு மூன்று சேர்ந்தால் அறை கிடங்காகிவிடும். பக்கத்தில் மரம், பிரம்பு, கைத்தறித் துணி இருந்தால் எஃகின் இறுக்கம் தணியும். பச்சையும் சாம்பலும் வெள்ளைச் சுவரின் முன்னும் செங்கல் நிறத்தின் முன்னும் எடுப்பாகத் தெரியும். எஃகுப் பக்கங்களில் காந்தம் ஒட்டும் என்பதால் சமையலறையிலோ படிப்பறையிலோ அதுவே குறிப்புப் பலகை. இழுப்பறை மோதும் இடத்தில் ஃபெல்ட் துணித் துண்டு ஒட்டினால் சத்தம் அடங்கும். அடியில் மரக்கட்டையோ ரப்பர் தாங்கியோ கொடுத்து ஓர் அங்குலமாவது உயர்த்தினால், தரை கழுவும் தண்ணீர் அடித்தகட்டைத் தொடாது.